வாளி மண்ணிலிருந்து ஆய்வேடு வரை: சூழல் தொல்லியலில் மாணவர் ஆய்வு நடக்கும் விதம்

சூழல் தொல்லியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் மாணவர்கள் முதலாண்டில் பெரும்பாலும் நுண்ணோக்கியை நினைத்தே கவலைப்படுகிறார்கள். கரிந்த விதை எந்தச் செடியுடையது என்று சொல்லிவிட முடியுமா, ஒரு மகரந்தத் துகளை இன்னொன்றிலிருந்து பிரித்தறியக் கண் பழகுமா என்பதுதான் பேச்சு. பழகும். நல்ல ஒப்பீட்டுத் தொகுப்பும் பொறுமையுள்ள வழிகாட்டியும் இருந்தால் ஓரிரு ஆண்டில் அந்தத் திறமை கைவந்துவிடும். அகழாய்வுக் குழியில் மண் அள்ளிய நேரத்தில் எழுதாமல் விட்ட குறிப்புதான் திரும்ப வராது. எந்த அடுக்கு, அடுக்கின் எந்த மூலை, எத்தனை லிட்டர், ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற நான்கில் ஒன்று விடுபட்டாலும், பின்னால் எந்தப் புள்ளியியல் மென்பொருளும் அதை மீட்டுத் தராது. மூன்றாம் ஆண்டில் மாணவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி முதல் மாதத்து முடிவுகளிலிருந்து கிளம்புகிறது.

மனிதர்கள் வாழ்ந்த இடத்தில் என்ன விளைந்தது, எந்த மரத்தை எரித்தார்கள், எந்த விலங்கை எந்த வயதில் அறுத்தார்கள், காடு எப்போது குறைந்தது, ஏரி எப்போது தூர்ந்தது என்பவை இத்துறையின் கேள்விகள். சான்றுகள் மண்ணுக்குள்ளேயே இருக்கின்றன: கரிந்த விதை, அடுப்புக்கரி, மகரந்தம், செடியின் திசுவில் படிந்த சிலிக்கா நுண்துகள், எலும்பு, நத்தை ஓடு, வண்டின் சிறகுறை. ஒவ்வொன்றும் தனிப் படிப்பு. மூன்று நான்கு ஆண்டுகளில் ஒருவர் ஒன்றை முழுதாகக் கற்கலாம். இன்னொன்றைச் சரிபார்க்கும் அளவுக்குத் தெரிந்துகொள்ளலாம். எல்லாவற்றையும் தானே செய்வதாகத் திட்டம் எழுதுகிறவர் எல்லாவற்றிலும் பாதி வழியில் நின்றுவிடுவார்.

கேள்வியின் அளவு

'வேளாண்மை எப்படித் தோன்றியது' என்பது ஒரு துறைக்கே உரிய கேள்வி. ஓர் ஆய்வேட்டுக்கு அது தாங்காது. கையிலுள்ள மாதிரிகளால் விடை சொல்லக்கூடிய கேள்வி இப்படி இருக்கும்: இந்தக் குடியிருப்புக்குத் தானியம் கதிரோடு வந்ததா, வேறெங்கோ அடித்துத் தூற்றிய பிறகு வந்ததா?

இதற்கு விடை தேடும் வழி 1970களிலும் 1980களிலும் உருவானது. கார்டன் ஹில்மன் துருக்கியிலும், கிளினிஸ் ஜோன்ஸ் கிரேக்கத்தின் அமோர்கோஸ் தீவிலும், பழைய முறையில் பயிர் செய்துவந்த உழவர்களோடு இருந்து, ஒவ்வொரு வேலையிலும் எது தங்குகிறது, எது கழிகிறது என்று பார்த்துப் பதிவு செய்தார்கள். தூற்றும்போது காற்றோடு போவது வைக்கோல் துணுக்கும் எடையில்லாத களை விதையும். பெருங்கண் சல்லடையில் தங்குவது தண்டின் கணுவும், உதிராத கதிர்த்துண்டும், களைச் செடியின் முழுத் தலையும். நுண்கண் சல்லடையின் வழியே கீழே விழுவது பொடி விதை. தானியத்தோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டு வருவது அதே பருமனுள்ள களை விதை. அதைக் கையால்தான் பொறுக்க வேண்டும். ஆகவே ஒரு மாதிரியில் பொடி விதையும் உமியும் மிகுந்து தானியம் குறைந்திருந்தால், அது நுண்சலிப்பின் கழிவாக இருக்கலாம். தானியமும் அதன் பருமனுள்ள களை விதையும் மட்டுமே இருந்தால், ஏறக்குறைய சுத்தம் செய்து முடித்த தானியம்.

இங்கேதான் முதல் பொறி இருக்கிறது. ஷீலா போர்ட்மேனும் கிளினிஸ் ஜோன்ஸும் 1990இல் வெளியிட்ட சோதனைகள், நெருப்பு எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை என்று காட்டின. வைக்கோலும் கதிர்க்காம்பும் சாம்பலாகிவிடும் சூட்டில் தானியம் கரியாகித் தப்பிக்கிறது. அதாவது, கதிரோடு எரிந்த பயிர்கூட, மண்ணுக்குள் போகும்போது சுத்தம் செய்த தானியம் போலத் தோன்றலாம். 'உமி இல்லை, எனவே சுத்தமான தானியம்' என்று எழுதும் மாணவரிடம் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். உமி நிறைய இருந்தால் அது வலுவான சான்று. இல்லாமலிருப்பது எரிந்துபோனதாகவும் இருக்கலாம். கதிர்க்காம்பை விட்டுவிட்டு, தானியத்தைப் போலவே நெருப்பைத் தாங்கும் களை விதைகளின் பருமனையும் எடையையும் வைத்து வாதத்தை நிறுத்துவது அதனால்தான்.

எத்தனை லிட்டர்?

நீர்மிதப்புக்கான, அதாவது மண்ணைத் தண்ணீரில் கலைத்து மிதக்கும் கரியைப் பிரிப்பதற்கான, மண் மாதிரி பொதுவாக 40 முதல் 60 லிட்டர் வரை எடுக்கப்படுகிறது; குழி அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டால் அதிலுள்ள மண் முழுவதையும். குழியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த அளவு அதிகமாகத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு மாதிரியில் குறிப்பிட்ட பயிரின் பங்கை 95 விழுக்காடு நம்பிக்கையோடு, ஐந்து விழுக்காடு கூடவோ குறையவோ சொல்ல வேண்டுமென்றால், ஏறக்குறைய 384 விதை எண்ண வேண்டும். லிட்டருக்கு 40 விதை கிடைக்கும் எரிந்த சேமிப்புக் குழியில் பத்து லிட்டரே போதும். லிட்டருக்கு ஐந்து கிடைக்கும் குப்பைக் குழியில் 77 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு அரை விதை கிடைக்கும் தரைப்பரப்பிலோ 768 லிட்டர். அங்கே விழுக்காடு பேசவே முடியாது. 'இருக்கிறது, இல்லை' என்ற அளவோடு நிற்க வேண்டியதுதான். பன்னிரண்டு விதையை வைத்துக்கொண்டு 'கோதுமை 58.3 விழுக்காடு' என்று எழுதிய அட்டவணைகள் இன்றும் வருகின்றன. தசமப் புள்ளி போட்டதால் அந்த எண்ணுக்கு நம்பகம் கூடிவிடாது.

கறுப்பாகத் தெரியும் இடத்தில் மட்டும் அள்ளும் பழக்கம் இன்னொரு சிக்கல். கறுத்த மண்ணில் கரி இருக்கும் என்பது உண்மை. ஆனால் கறுப்பில்லாத அடுக்கில் என்ன இருந்தது என்று தெரியாவிட்டால், கறுத்த இடத்தில் கிடைத்தது அந்த இடத்துக்கே உரியதா, இடம் முழுவதும் பரவிக்கிடந்ததா என்று சொல்ல வழியில்லை. எல்லா வகை அடுக்கிலிருந்தும் ஒரே முறையில் எடுத்து, விதையே கிடைக்காத மாதிரிகளையும் அட்டவணையில் பூஜ்யத்தோடு காட்ட வேண்டும். பூஜ்யத்துக்கும் வெற்றுக் கட்டத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது: முன்னது பார்த்து இல்லை என்பது, பின்னது பார்க்கவேயில்லை என்பது.

பல மாணவர்களுக்குத் தாமே மண் அள்ளும் வாய்ப்பு கிடைப்பதில்லை. பத்து இருபது ஆண்டுக்கு முன் தோண்டியவர்கள் கிடங்கில் விட்டுப்போன பைகளே ஆய்வுப்பொருள். அதில் தவறில்லை, நல்ல ஆய்வேடுகள் அப்படியும் வந்திருக்கின்றன. ஆனால் தலைப்பை உறுதி செய்யுமுன் ஒரு வாரம் ஒதுக்கி, பைகளின் எண்ணையும் அகழாய்வுக் குறிப்பேட்டையும் அடுக்கு வரிசைப் படத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். லிட்டர் கணக்கு இல்லாத பையில் அடர்த்தி கணக்கிட முடியாது. எந்தக் கண்ணளவுள்ள வலையில் சலித்தார்கள் என்று தெரியாத பையில் பொடி விதை இல்லாததை வைத்து எதுவும் பேச முடியாது.

தொட்டியில் நடப்பது

நீர்மிதப்பு முறை தொல்லியலில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்ததற்கு முக்கியக் காரணம், ஸ்டூவர்ட் ஸ்ட்ரூவர் அமெரிக்காவின் இல்லினாய் பகுதி அகழாய்வை ஒட்டி 1968இல் எழுதிய கட்டுரை. கரி தண்ணீரைவிட லேசானது, மண் கனமானது என்ற ஒன்றே இதன் அடிப்படை. தொட்டிக்குள் ஒரு வலை தொங்கும். அதன் கண் 0.5 அல்லது 1 மி.மீ. கீழிருந்து தண்ணீர் மேலெழும்ப, மண்ணை வலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கையால் மெல்லக் கலைக்க வேண்டும். மிதக்கும் கரி, தொட்டியின் வாய் வழியே வழிந்து 0.25 அல்லது 0.3 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் சேரும். வலையில் தங்கும் கனத்த மிச்சத்தில் எலும்பும் மீன்முள்ளும் கல்லும் ஓட்டுச்சில்லும் இருக்கும்.

தவறு நடக்கும் இடங்கள் எல்லாம் சிறியவை. சல்லடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழியும்; முதலில் போவது மிகச்சிறிய விதைகள். களிமண் கட்டி உடையாவிட்டால் விதை அதற்குள்ளேயே அடியில் தங்கிவிடும். அதற்குச் சோடியம் பைகார்பனேட் அல்லது சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கலந்த நீரில் ஊறவைப்பார்கள்; அவசரப்பட்டு விரலால் நசுக்கினால் கட்டியோடு தானியமும் நொறுங்கும். மிதந்து சேர்ந்த கரியை வெயிலில் காயவைத்தால் வேகமாகச் சுருங்கி வெடிக்கும்; துணியோடு நிழலில் தொங்கவிட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். ஒரு மாதிரிக்கும் அடுத்ததுக்கும் நடுவே வலையைக் கழுவாவிட்டால், இரும்புக் காலத்துத் தானியம் புதிய கற்காலத்துக்குப் போய்ச் சேரும். அடையாளச் சீட்டு இரண்டு வேண்டும், பைக்குள் ஒன்று, வெளியே ஒன்று. நீர் படாத தாளில் பென்சிலால் எழுதியது. பேனா மை கரைந்த பைக்குள் எவ்வளவு அரிய விதை இருந்தாலும் அது முகவரி இல்லாத கடிதம்தான்.

எந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று அறிய அருமையான ஒரு சோதனை உண்டு. கசகசா விதையைக் கரியாக்கி, எண்ணி நூறு எடுத்து, ஒரு மாதிரி மண்ணில் கலந்து மிதக்கவிட வேண்டும். அந்த இடத்தில் இயல்பாகக் கசகசா கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் போதும். மேலே எத்தனை வந்தன, கனத்த மிச்சத்தில் எத்தனை நின்றன, அடுத்த மாதிரியில் எத்தனை தலைகாட்டின என்று எண்ணினால் இழப்பும் கலப்பும் ஒரே சோதனையில் தெரிந்துவிடும். கெயில் வாக்னர் 1982இல் இப்படிச் செய்து எழுதியபோது, ஒரே முறை என்று சொல்லிக்கொள்ளும் தொட்டிகளுக்குள்ளேயே பெரிய வேறுபாடு இருப்பது தெரிந்தது. அரை நாள் வேலை. ஆய்வேட்டின் முறையியல் இயலில் இந்த ஒரு எண் இருந்தால், இரண்டு பக்க விளக்கத்தைவிட அது அதிகம் பேசும்.

மிதக்காத விதைகளும் உண்டு. கழிவுக்குழிகளில் கால்சியம் பாஸ்பேட் ஊறிக் கல்லாகிப்போன விதைகள் மூழ்கிவிடும். அத்தகைய குழியின் கனத்த மிச்சத்தையும் நுண்ணோக்கியின் கீழ் பார்த்தாக வேண்டும். நீர் தேங்கிய அடுக்குகளின் மாதிரி வேறு வகை: அதைக் காயவிடவே கூடாது, ஈரத்தோடு மூடி, இருட்டில், 4 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்க வேண்டும்.

மேசையில்

காய்ந்த கரியைப் பல கண்ணளவுகளில் சலித்துப் பிரித்து, 6 முதல் 40 மடங்கு பெருக்கும் நுண்ணோக்கியின் கீழ், தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவது மாதக்கணக்கான வேலை. தொடக்கத்தில் எல்லாரும் ஏமாறும் ஒன்று உண்டு: கறுப்பாக, உருண்டையாக, பெரும்பாலும் ஒரு மி.மீ. அளவில், பளபளப்பில்லாமல் கிடக்கும் குண்டுகள். கடுகு இனத்து விதை என்று எண்ணிச் சிறு குப்பியில் சேர்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை ஊசியால் பிளந்தால் உள்ளே பருப்பு இருக்காது, விதைத்தழும்பும் இருக்காது. செனோகாக்கம் என்ற பூஞ்சையின் உறங்குநிலை உருண்டை அது; மரவேர்களோடு வாழ்வது. மண்ணில் ஏராளமாகக் கிடைக்கும், பயிருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எண்ணுவதற்கும் ஒழுங்கு வேண்டும். உடைந்த தானியத் துண்டுகளை எல்லாம் எண்ணினால் ஒரே தானியம் மூன்றாகிவிடும். முளைக்கரு இருக்கும் முனையை மட்டும் எண்ணினால் ஒன்று ஒன்றாகவே நிற்கும். உமி பிரியாத கோதுமை வகைகளில் சிறுகதிரின் கவை (இரண்டு உமிகளின் அடி சேர்ந்திருக்கும் பகுதி) முழுதாகக் கிடைத்தால் அதை இரண்டு உமியடியாகக் கணக்கிட வேண்டும். இந்த விதிகளை முதல் மாதிரியிலேயே எழுதி வைத்து, கடைசி மாதிரிவரை மாற்றாமல் இருக்க வேண்டும். இடையில் கண் தேறியதும் பழைய மாதிரிகளில் பத்தையாவது திரும்ப எடுத்து எண்ணிப் பார்ப்பது நல்லது. முதல் ஆறு மாதத்தில் 'தெரியவில்லை' என்று வைத்ததில் கணிசமானவை இப்போது தெரிந்திருக்கும். அப்போது உறுதியாக எழுதிய சில இப்போது சந்தேகமாகியிருக்கும்.

விதையின் வயதைத் தனியே கேட்க வேண்டும்

மண்புழு, எறும்பு, வளை தோண்டும் விலங்கு, செத்த வேர் விட்டுப்போன துளை எல்லாமே பொடி விதையை மேலிருந்து கீழே இறக்கிவிடும். எகிப்தின் வாதி குப்பானியா இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. 17,000 முதல் 18,000 ஆண்டுப் பழமையான அடுக்கில் வாற்கோதுமை கிடைத்ததாக 1979இல் அறிவிப்பு வந்தது. வேளாண்மையின் வரலாற்றையே பின்னுக்குத் தள்ளும் செய்தி. பிறகு, சில மில்லிகிராம் பொருளிலேயே கதிரியக்கக் கார்பனை அளந்து காலம் கணிக்கும் முடுக்கி நிறைமாலை முறை வந்ததும், அந்தத் தானியங்களையே சோதித்தார்கள். 5,000 ஆண்டுகூட ஆகாதவை அவை. 1984இல் அந்த முடிவை வெளியிட்டதும் அதே குழுதான். அந்த நேர்மைக்குத் துறை கடன்பட்டிருக்கிறது.

எனவே வியப்பான விதை கிடைத்தால், அருகிலிருந்த அடுப்புக்கரியை வைத்துக் காலம் சொல்லக் கூடாது. அந்த விதையையே அனுப்ப வேண்டும். கரியை நம்புவதில் இன்னொரு கேடும் உண்டு. முந்நூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் நடுக்கட்டை, வெட்டிய நாளிலேயே முந்நூறு ஆண்டுப் பழமையைக் காட்டும். விதைக்கு ஒரே பருவம்தான் வயது. அனுப்புமுன் விதையை எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அளந்து, குறித்துவைக்க வேண்டும், ஏனென்றால் அது திரும்பி வராது. கிடைக்கும் எண்ணை 2020இல் வந்த இன்ட்கால்20 அளவுத்திருத்தக் கோட்டில் வைத்துத்தான் நாட்காட்டி ஆண்டாக்குகிறார்கள். கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் அந்தக் கோடு தட்டையாகிவிடும். அங்கே விழும் ஒற்றை மாதிரி எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் நானூறு ஆண்டு அகலத்தில்தான் விடை தரும். அந்தக் காலத்தை ஆய்கிறவர் அடுக்கு வரிசையோடு சேர்த்துப் பல மாதிரிகள் அனுப்பத் தொடக்கத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும்.

மண்ணில் தங்கிய மரபணுவும் இதே எச்சரிக்கைக்கு உரியது. பிரிட்டனின் பவுல்ட்னர் கிளிஃப் பகுதியில், கடலடியில் உள்ள 8,000 ஆண்டுப் பழைய படிவிலிருந்து கோதுமை மரபணு கிடைத்ததாக 2015இல் கட்டுரை வந்தது. அதே ஆண்டில் வேறொரு குழு, அந்த மரபணுத் துணுக்குகளில் அவ்வளவு பழமைக்குரிய சிதைவு காணப்படவில்லை என்று மறுத்தது. இந்த இரண்டு கட்டுரைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிப்பது, எந்தப் பாடநூலையும்விட நல்ல பயிற்சி.

மகரந்தம்: வேறு அளவுகோல்

விதை ஒரு வீட்டைப் பற்றிப் பேசும். மகரந்தம் ஒரு நிலப்பரப்பைப் பற்றி. லென்னார்ட் ஃபான் போஸ்ட் 1916இல் விழுக்காட்டு மகரந்த வரைபடத்தை அறிமுகப்படுத்தினார். அன்றுமுதல் முறையின் எலும்புக்கூடு மாறவில்லை. ஏரிப் படிவிலோ கரிச்சதுப்பிலோ குழாய் இறக்கி மண் தண்டை எடுத்து, குறித்த இடைவெளியில் ஒரு கன சென்டிமீட்டர் வீதம் வெட்டி, மற்றதையெல்லாம் கரைத்து, மகரந்தத்தை மட்டும் மிச்சம் வைப்பது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணத்தை நீக்கும், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மட்கை நீக்கும், ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் சிலிக்காவைக் கரைக்கும். கடைசியில் அசிட்டிக் அன்ஹைட்ரைடு ஒன்பது பங்கும் அடர் கந்தக அமிலம் ஒரு பங்கும் கலந்த கலவை செல்லுலோசை நீக்கும். அந்தக் கலவையில் தண்ணீர் பட்டால் சீறி வெடிக்கும்; அதனால்தான் அதற்கு முன்னும் பின்னும் நீர் கலக்காத அசிட்டிக் அமிலத்தால் கழுவுகிறார்கள். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் தோலில் பட்டவுடன் வலிக்காமல்கூட இருக்கலாம். உள்ளே இறங்கி எலும்புவரை போகும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது. பயிற்சி பெறாமல் தனியாகச் செய்யக் கூடாத வேலை இது.

எண்ணிக்கை 300 முதல் 500 துகள். விழுக்காட்டில் ஒரு வஞ்சம் இருக்கிறது: ஒன்று ஏறினால் மற்றவை தாமாக இறங்கும். ஏரிக்கரையில் புல் பெருகினால் காடு அழிந்தது போல வரைபடம் காட்டும். இதைக் கண்டுகொள்ளத்தான், லைக்கோபோடியம் என்ற பூக்காத செடியின், எண்ணிக்கை தெரிந்த வித்துகள் அடங்கிய மாத்திரையைத் தொடக்கத்திலேயே போடுகிறார்கள். எண்ணிய மகரந்தத்தை எண்ணிய லைக்கோபோடியத்தால் வகுத்து, மாத்திரையிலிருந்த எண்ணிக்கையால் பெருக்கி, கன அளவால் வகுத்தால் ஒரு கன சென்டிமீட்டரில் உண்மையில் எத்தனை துகள் என்று கிடைக்கும். மாத்திரை போட மறந்த மாதிரியைப் பின்னால் சரிசெய்ய முடியாது.

தானிய மகரந்தம் என்று எழுதும் இடத்தில் கை தயங்க வேண்டும். 40 மைக்ரானுக்கு மேற்பட்ட புல்லினத் துகளைத் தானியம் என்பது வழக்கம். ஆனால் சில காட்டுப்புற்களின் துகளும் அந்த அளவை எட்டும். கிளிசரின் களியில் துகள் உப்பிப் பெரிதாகும், சிலிக்கான் எண்ணெயில் அவ்வளவு மாறாது. எதில் பதித்து அளந்தார்கள் என்று சொல்லாத அளவுக்கு மதிப்பில்லை. மறுபக்கம், சூழல் பொருந்தினால் சில துகள்களே வியக்கும் அளவுக்குச் சொல்லும். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் உடலோடு கிடைத்த பழங்கால மனிதர் ஓட்சியின் குடலில் ஹாப் ஹார்ன்பீம் (Ostrya) என்ற மரத்தின் மகரந்தம் உள்ளடக்கம் சிதையாமல் இருந்தது. அந்த மரம் பூக்கும் காலத்தை வைத்தே, அவர் இறந்தது வசந்த இறுதியோ கோடைத் தொடக்கமோ என்று சொல்ல முடிந்தது.

எது தங்கும், எது போகும்

எலும்பு அமில மண்ணில் கரையும். மகரந்தம் காற்றோட்டமுள்ள கார மண்ணில் சிதையும். சிலிக்கா நுண்துகள் கடுமையான கார மண்ணில் தேயும். ஆகவே எந்தச் சான்று தேடுவது என்பதை முதலில் மண்தான் முடிவு செய்கிறது. இங்கிலாந்தின் ஸ்டார் கார் இடைக்கற்கால இடத்தில் 1949 முதல் 1951 வரை கிரகாம் கிளார்க் அகழ்ந்தபோது, கொம்பும் மரமும் கரிச்சதுப்பில் அருமையாக இருந்தன. இந்த நூற்றாண்டில் மறுபடி தோண்டியபோது, வயல்களின் வடிகாலால் நீர்மட்டம் இறங்கி, காற்றுப் பட்ட கந்தகச் சேர்மங்கள் அமிலமாகி, எலும்பு மென்மையாகிக் குழைந்திருந்தது. ஐம்பது ஆண்டில் நடந்தது இது. இத்தகைய இடத்தில் வேலை செய்யும் மாணவர் அமிலத்தன்மையையும் நீர்மட்டத்தையும் ஒவ்வொரு மாதிரியோடும் குறித்துவைப்பது, தமக்கு மட்டுமல்லாமல் அந்த இடத்தைக் காக்க நினைப்பவர்களுக்கும் உதவும்.

கரிந்த தானியத்தின் நைட்ரஜன் ஓரிடத்தான்களை வைத்து வயலுக்கு எரு போட்டார்களா என்று கேட்கும் ஆய்வுகள் இப்போது பெருகியிருக்கின்றன. கரிவதாலேயே அந்த மதிப்பு ஆயிரத்துக்கு ஏறக்குறைய 0.31 உயர்கிறது, அதைக் கழித்துத்தான் பேச வேண்டும். இதுவும் பொருளை அழிக்கும் சோதனை. இருக்கும் நாற்பது தானியத்தில் எத்தனையைக் கொடுக்கலாம் என்று அகழாய்வாளரிடமும் காப்பகத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே எடுக்க வேண்டும்.

எழுதும் நேரத்தில் பலரும் வரைபடங்களை மட்டும் இணைத்துவிட்டு மூல எண்ணிக்கையை விட்டுவிடுகிறார்கள். விழுக்காட்டிலிருந்து எண்ணிக்கையைத் திரும்பப் பெற முடியாது. மாதிரி எண், அடுக்கு, லிட்டர், சல்லடைக் கண், எத்தனையில் எத்தனை பங்கு பிரித்துப் பார்த்தது, ஒவ்வொரு இனத்தின் எண்ணிக்கை ஆகிய எல்லாவற்றையும் ஓர் அட்டவணையாகப் பொதுத் தரவகத்தில் வைக்க வேண்டும். மகரந்தத்துக்கு நியோடோமா போன்றவை இருக்கின்றன. பொறுக்கிய விதைகளைக் கண்ணாடிக் குழாயில், உள்ளே சீட்டு வைத்து, மிச்சக் கரியோடு சேர்த்து அகழாய்வின் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். மண்ணில் ஒரு பாதியைக் கழுவாமலே விட்டிருந்தால், அந்தப் பைகளின் பட்டியலும் அதோடு போக வேண்டும்.